மூசைக்குத் தப்பிய வெள்ளி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலுள்ள பழைய வெள்ளிச் சாமான்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. வீட்டுப் புழக்கத்துக்கான பொருட்களையும் தேவாலயப் பொருட்களையும் ஒரே கட்டுரையில் சேர்த்துச் சொன்னதும் பொருத்தமே. ஆனால், "விலை உயர்ந்தவை என்பதால் இவை நூற்றாண்டுக் கணக்கில் பத்திரமாகப் பாதுகாக்கப்பட்டன" என்ற வரி, கூட்டுறவு வங்கியொன்றில் 30 ஆண்டுகளுக்கு மேல் உரைகல்லும் தராசுமாக நகை மதிப்பீட்டாளர் வேலை பார்த்த எனக்கு உறுத்தலாக இருந்தது. உண்மை இதற்கு நேர்மாறானது. விலை உயர்ந்தது என்பதால்தான் வெள்ளிச் சாமான் அழிகிறது. மண் சட்டி உடைந்தால் ஓடாவது மிஞ்சும். வெள்ளிப் பாத்திரம் ஒரு முறை மூசைக்குள், அதாவது உலோகத்தை உருக்கும் கலத்துக்குள், போய்விட்டால், அது இருந்ததற்கான அடையாளமே இல்லாமல் போய்விடும்.

மகள் லண்டனில் இருப்பதால் சில ஆண்டுகளுக்கு முன் அந்த அருங்காட்சியகத்தின் வெள்ளி அறைகளில் இரண்டு முழு நாட்களைக் கழிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. மற்றவர்கள் பொருளின் மேற்புறத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, பழக்கதோஷத்தால் நான் அடிப்புறத்தையும் விளிம்பையுமே பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய ஆங்கிலேய வெள்ளிச் சாமான்களின் அடிப்பாகத்தில் அதன் எடையை அவுன்ஸ் கணக்கில் ஊசியால் கீறி வைக்கும் வழக்கம் இருந்திருக்கிறது. அலங்காரத்தைக் கண்டு மயங்குகிறவர்களுக்கு அந்தக் கீறல் அழகைக் கெடுப்பதாகத் தோன்றும். அதை வைத்திருந்த குடும்பத்துக்கோ அதுதான் முக்கியம். பணமுடை வந்தால் எவ்வளவு தேறும் என்பதை அது சொல்லிவிடும். தட்டார் கொடுத்த கணக்குச் சீட்டிலும் வெள்ளியின் எடைக்கான விலை ஒரு வரியாகவும், நம்மூரில் செய்கூலி என்று போடுவதைப் போல வேலைப்பாட்டுக் கூலி வேறொரு வரியாகவும் இருக்கும். உருக்கும்போது முதல் வரி மிஞ்சும். இரண்டாவது வரி புகையாகப் போய்விடும். அருங்காட்சியகத்தில் நாம் பார்ப்பது அந்த இரண்டாவது வரியைத்தான்.

இங்கிலாந்தில் நாணயத்துக்கும் பாத்திரத்துக்கும் ஒரே தரம்தான் நெடுங்காலம் இருந்தது, அதாவது 1000 பங்குக்கு 925 பங்கு வெள்ளி. நாணயத்தை உருக்கினால் பாத்திரம், பாத்திரத்தை உருக்கினால் நாணயம். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் மக்கள் நாணயத்தின் ஓரங்களை வெட்டியும் உருக்கியும் பாத்திரமாக்கத் தொடங்கியபோது, அதைத் தடுக்க 1697இல் பாத்திரத்தின் தரத்தை மட்டும் 958க்கு மேல் உயர்த்திக் கட்டாயமாக்கினார்கள். அந்தக் கட்டாயம் 1720இல்தான் நீங்கியது. அந்த 23 ஆண்டுகளில் செய்யப்பட்ட சாமான்களில், நடக்கும் சிங்கத்தின் முத்திரைக்குப் பதிலாக அமர்ந்திருக்கும் பெண் உருவம் இருப்பதைக் கண்ணாடிப் பேழைக்கு வெளியிலிருந்தே காணலாம்.

முத்திரை என்றதும் தங்கள் கட்டுரையிலுள்ள ஒரு பிழையைச் சுட்ட வேண்டியிருக்கிறது. பால் டி லாமெரி என்ற புகழ்பெற்ற தட்டாரின் பட்டறையில் உருவான, நியூடிகேட் குடும்பத்தின் உணவு மேசை நடுவே வைப்பதற்கான அலங்காரப் பாத்திரத்தை, "1743 முதல் 1744 வரை இரண்டு ஆண்டுகள் பாடுபட்டுச் செய்தார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். பெயர்ப்பலகையில் 1743–44 என்றிருப்பதன் பொருள் அதுவல்ல. 1300இல் சிறுத்தைத் தலை முத்திரையும், 1363இல் செய்தவரின் சொந்த முத்திரையும், 1478இல் ஆண்டைக் குறிக்கும் எழுத்தும், 1544இல் சிங்கமும் என்று லண்டனில் முத்திரைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஆண்டெழுத்து சனவரியில் மாறாமல் மே மாதத்தில் மாறியது. ஆகவே ஒரே எழுத்து இரண்டு ஆங்கில ஆண்டுகளைத் தொட்டு நிற்கும். அந்தப் பாத்திரம் அந்தப் பன்னிரண்டு மாதத்துக்குள் ஏதோ ஒரு நாள் வெள்ளியின் தரச் சோதனைக்குப் போனது என்பதற்கு மேல் அந்த எழுத்திலிருந்து வேறொன்றும் தெரியாது. சோதனை நடந்த இடம் தட்டார் சங்கத்தின் மண்டபம். ஹால் என்ற அந்த மண்டபத்தில் இட்ட குறி என்பதால்தான், நம்மூர் நகைக்கடை விளம்பரங்களில் இன்று நாள்தோறும் கேட்கும் ஹால்மார்க் என்ற சொல்லே பிறந்தது.

இனி தேவாலயப் பொருட்களுக்கு வருகிறேன். இங்கிலாந்தில் மத்திய காலத்தில் ஆயிரக்கணக்கான தேவாலயங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் குறைந்தது ஒரு வெள்ளிக் கிண்ணமாவது இருந்திருக்கும். அவ்வளவும் எங்கே போயின? எட்டாம் ஹென்றி 1536 முதல் 1540 வரை துறவியர் மடங்களைக் கலைத்தபோது அவற்றின் வெள்ளி அரசுக் கருவூலத்துக்குப் போயிற்று. அவருடைய மகன் ஆறாம் எட்வர்டின் ஆட்சியில், 1552–53இல், ஊர் ஊராக அதிகாரிகள் சென்று தேவாலயப் பொருட்களைப் பட்டியலிட்டு, வழிபாட்டுக்கு ஒன்றிரண்டு கிண்ணங்களை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை எடுத்துக்கொண்டார்கள். அப்படி விட்டுவைக்கப்பட்ட கிண்ணங்களும் முதலாம் எலிசபெத் காலத்தில் தப்பவில்லை. அதுவரை குருவானவர் மட்டுமே பருகிய திராட்சை இரசத்தைச் சபையார் அனைவருக்கும் கொடுக்க வேண்டும் என்றானதும், சிறிய கிண்ணம் போதாமல் போயிற்று. பழையதை உள்ளூர்த் தட்டாரிடம் கொடுத்து உருக்கி, ஆழமும் உயரமும் கொண்ட புதிய கிண்ணமாக வாங்கிக்கொண்டார்கள். அந்தக் காலத்துக் கிண்ணங்கள் சில அந்த அருங்காட்சியகத்தில் உள்ளன. மூடியைக் கழற்றித் தலைகீழாக வைத்தால் அப்பம் வைக்கும் தட்டாகிவிடும். மூடியின் கைப்பிடிக் குமிழே தட்டுக்குக் கால். சிக்கனமான, கெட்டிக்கார வேலை. ஆனால் அந்த உலோகத்துக்குள் ஒரு பழைய கிண்ணம் கரைந்து கிடக்கிறது என்பதையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அப்படியானால் மத்திய காலத் தேவாலயப் பொருள் ஒன்றிரண்டு மிஞ்சியது எப்படி? யாரும் பாதுகாத்ததால் அல்ல, தொலைந்து போனதால். ராம்சி மடத்துக்குரியவை என்று கருதப்படும் 14ஆம் நூற்றாண்டுத் தூபக்கலசமும், சாம்பிராணி வைக்கும் படகு வடிவக் கிண்ணமும் தங்கள் கட்டுரையில் படமாக வந்திருந்தன. அவை 1850ஆம் ஆண்டையொட்டி, விட்டில்சி மியர் என்ற பெரிய ஏரியின் நீரை வடித்தபோது சேற்றில் கிடைத்தவை. ஏரியின் அடியில் கிடந்த ஒரே காரணத்தால் எந்த அரசனின் கையும் அவற்றின்மேல் படவில்லை. பொன்முலாம் பூசிய அந்தத் தூபக்கலசம் பலகணிகளும் கூம்புக் கூரையும் உள்ள ஒரு சிறு கோயிலைப் போலவே செய்யப்பட்டிருக்கிறது. புகை அந்தப் பலகணிகளின் வழியாகத்தான் வெளியேறும். படகுக் கிண்ணத்தின் இரு முனைகளிலும் அலைகளிலிருந்து ஆட்டுக்கடாத் தலைகள் எழுகின்றன. ஆங்கிலத்தில் கடாவுக்கு ராம் என்று பெயர். மடத்தின் பெயர் ராம்சி. சிலேடையை வெள்ளியில் வார்த்த அந்தக் குறும்பை நம் புலவர்கள் கண்டிருந்தால் மிகவும் ரசித்திருப்பார்கள். வேல்சு நாட்டின் டோல்கெல்லாவுக்கு அருகே மலைச்சரிவில் 1890இல் தொழிலாளர் கண்டெடுத்த 13ஆம் நூற்றாண்டுக் கிண்ணமும் அப்பத்தட்டும் மண்ணுக்குள் கிடந்ததால் பிழைத்தவைதாம்.

இன்னொரு வகைக் கிண்ணத்தையும் குறிப்பிட வேண்டும். கத்தோலிக்க வழிபாடு இங்கிலாந்தில் தடை செய்யப்பட்டிருந்த காலத்தில், குருக்கள் ஒளிந்து பூசை வைப்பதற்கென்று, திருகிக் கழற்றினால் மேற்கிண்ணம், தண்டு, பீடம் என்று தனித்தனியாகும்படி கிண்ணங்கள் செய்தார்கள். சோதனைக்கு வருகிறவர் கண்ணில் படாமல் துண்டு துண்டாக மறைத்துவிடலாம். இவற்றில் பலவற்றில் முத்திரையே இருக்காது, ஏனென்றால் சோதனை மண்டபத்துக்குக் கொண்டுபோனால் செய்தவரும் செய்யச் சொன்னவரும் மாட்டிக்கொள்வார்கள். முத்திரை இல்லாத வெள்ளியைக் கண்டால் கலப்படமோ என்று சந்தேகப்பட்டே பழகிய எனக்கு, முத்திரை இல்லாமையே ஒரு பொருளின் வரலாற்றுக்குச் சாட்சியாக நிற்பதை அங்கேதான் முதன்முதலாகக் காண நேர்ந்தது.

வீட்டுச் சாமான்களின் கதையில் அரசனைவிடப் பெரிய எதிரி புதுமோகம். பழசைப் போட்டுப் புதுசு வாங்கும் வழக்கம் நம் கடைவீதிகளுக்கு மட்டும் உரியதல்ல. அந்த மோகத்துக்குத் தப்பிய, 1400ஆம் ஆண்டையொட்டிச் செய்யப்பட்ட ஸ்டட்லி கிண்ணத்தில் மூடியிலும் கிண்ணத்திலும் அகரவரிசை எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. அதன் முன் நின்றபோது, ஒரு குழந்தைக்குச் சோறூட்டியபடியே எழுத்துச் சொல்லிக்கொடுத்திருப்பார்களோ என்று எனக்குத் தோன்றியது. பாரிசில் 1527–28இல் உருவான பர்லி கப்பல் என்பது உணவு மேசையில் உப்பு வைக்கும் கலம். கடற்கன்னி ஒருத்தி நாட்டிலஸ் என்ற கடலுயிரியின் ஓட்டாலான கப்பலைச் சுமக்கிறாள். பாய்மரத்தின் அடியில் விரல்நுனி அளவில் ஓர் ஆணும் பெண்ணும் சதுரங்கம் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். இது பிரான்சிலேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 1689இல் பதினான்காம் லூயி தன் போர்ச் செலவுக்காக வெர்சாய் அரண்மனையின் வெள்ளி மேசைகளையும் விளக்குத் தண்டுகளையும் டன் கணக்கில் உருக்கக் கொடுத்தார். இங்கிலாந்திலும் 1642இல் மூண்ட உள்நாட்டுப் போரில் ஆக்ஸ்போர்டு கல்லூரிகளின் வெள்ளி மன்னரின் படைக்குக் கூலியாயிற்று. எலிசபெத் காலத்து மிகச் சிறந்த ஆங்கிலேய வெள்ளிக் குடங்களில் சிலவற்றைக் காண இன்று மாஸ்கோ கிரெம்ளினுக்குத்தான் போக வேண்டும். ரஷ்ய ஜார் மன்னர்களிடம் போய்ச் சேர்ந்தவை என்பதால் அவை இங்கிலாந்தின் மூசைக்கு எட்டவில்லை.

அருங்காட்சியகத்தின் வெள்ளி அறைகளில் பார்வையாளர்களை மலைக்க வைக்கும் பிரம்மாண்டமான, மதுப்புட்டிகளைக் குளிர வைக்கும் மதுக்குளிர்த் தொட்டியைத் தங்கள் கட்டுரை "வெள்ளியில் வார்த்த அதிசயம்" என்று வருணித்தது. சார்லஸ் கேண்ட்லர் என்ற தட்டார் 1734–35இல் முடித்த அசல், சுமார் கால் டன் எடையுள்ளது. வாங்க ஆளில்லாமல் லாட்டரிப் பரிசாக வைக்கப்பட்டு, பின்பு ரஷ்யாவுக்குப் போய்ச் சேர்ந்து, இப்போது புனித பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. லண்டனில் இருப்பது, 19ஆம் நூற்றாண்டில் எல்கிங்டன் நிறுவனம் மின்பகுப்பு முறையில் செம்பில் எடுத்து வெள்ளி முலாம் பூசிய நகல். உருக்கினால் தேறாத அந்த நகலுக்கு எந்த அரசனாலும் ஆபத்தில்லை என்று எண்ணிச் சிரித்துக்கொண்டேன்.

படக்குறிப்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. தூபக்கலசத்தை "தொங்கு விளக்கு" என்றும், பூசைக் கிண்ணத்தை "மதுக்கோப்பை" என்றும், நற்கருணை அப்பத்தை வைத்துக் காட்டும் கதிர்ப்பாத்திரத்தை "சூரிய வடிவ அலங்காரப் பொருள்" என்றும் அச்சிட்டிருக்கிறீர்கள். இவற்றுக்கெல்லாம் நம் கோயில் பிள்ளைகளின் வாயில் நாள்தோறும் புழங்கும் தமிழ்ச் சொற்கள் இருக்கின்றன. அருகிலுள்ள எந்தப் பங்குக் கோயிலில் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள்.

இதை இவ்வளவு நீட்டி எழுதக் காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், பெயர் குறிப்பிட விரும்பாத ஓர் ஊர்த் தேவாலயத்தில், கறுத்துப்போன பழைய வெள்ளி மெழுகுதிரித் தண்டுகள் இரண்டையும் ஒரு கிண்ணத்தையும் கடையில் போட்டுவிட்டுப் பளபளப்பான புதிய தண்டுகள் வாங்கினார்கள். புதியவை ஜெர்மன் சில்வர், அதாவது செம்பும் நிக்கலும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. அதில் வெள்ளி மருந்துக்கும் கிடையாது. பழையவற்றின் அடியில் ஏதோ எழுத்துப் பொறித்திருந்ததாக உபதேசியார் நினைவுகூர்ந்தார். என்ன எழுத்து என்று யாரும் பார்த்து வைக்கவில்லை. கணக்குப் புத்தகத்தில் "பழைய வெள்ளி" என்று எடையும் தொகையும் மட்டுமே இருக்கின்றன. கறுப்பு அழுக்கும் அல்ல. காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து உண்டாகும் மெல்லிய படலம்தான். வீடுகளில் விபூதியோ பல்பொடியோ போட்டு அழுத்தித் தேய்க்கும்போது அந்தப் படலத்தோடு வெள்ளியும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது. முதலில் மழுங்குவது பொறித்த எழுத்தும் முத்திரையும்.

100 ஆண்டுகளைக் கடந்த கலைப்பொருட்கள் நாட்டைவிட்டு வெளியே போகாமல் தடுக்க 1972ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. தெருமுனைப் பட்டறையின் மூசையைக் கண்காணிக்க ஆளில்லை, அது நடக்கிற காரியமும் அல்ல. எவரும் தம் வெள்ளியை விற்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. மகள் கல்யாணத்துக்கும் மருத்துவச் செலவுக்கும் உதவாத வெள்ளி எதற்கு? கொடுப்பதற்கு முன் அடிப்புறத்தையும் எழுத்தையும் கைபேசியில் படமெடுத்து, எடையையும் யாருடையது என்பதையும் ஒரு தாளில் எழுதி வைக்கலாம். தேவாலயங்கள் கோயில் பதிவேட்டிலேயே அதைச் சேர்க்கலாம். தங்கள் ஞாயிறு இணைப்பில் மாதம் ஒரு முறை, வாசகர்கள் தம் வீட்டிலோ கோயிலிலோ உள்ள பழைய வெள்ளிப் பொருள் ஒன்றின் படத்தையும் அதன் கதையையும் அனுப்ப அரைப் பக்கம் ஒதுக்கினால், முதல் மாதத்துக்கு என் பாட்டியின் சந்தனக் கிண்ணத்தின் படத்தை அனுப்பி வைக்கிறேன். அதன் அடியில் கீறியிருக்கும் இரண்டு எழுத்துகள் யாருடையவை என்று எங்கள் குடும்பத்தில் இன்றுவரை ஒருவருக்கும் தெரியவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நகை மதிப்பீட்டாளர்,
நாகர்கோவில்