அந்த ‘மட்டுமே’ வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

நோய் எதிர்ப்பு பற்றிச் சென்ற வாரம் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரை எளிமையாக இருந்தது. ஆனால் டி செல்கள் என்ற நோய் எதிர்ப்பு வெள்ளையணுக்களைப் பற்றிய ‘டி செல்கள் கிருமிகளின் புரதத் துண்டுகளை மட்டுமே அடையாளம் காணும்’ என்ற வரி உறுத்துகிறது.

நான் லேப் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள். காசநோய்க்குச் சளி பார்ப்பதிலேயே என் காலத்தில் பாதி போனது. ஸ்லைடில் கார்பால் ஃபுக்சின் சாயத்தை ஊற்றி, ஆவி கிளம்பும்வரை அடியில் ஸ்பிரிட் விளக்கைக் காட்ட வேண்டும். கொதிக்க விட்டால் போச்சு, மறுபடி முதலிலிருந்து. அப்புறம் அமிலம் விட்டுக் கழுவினால் மற்ற கிருமிகள் சாயத்தை இழந்துவிடும், காசநோய்க் கிருமி மட்டும் விடாது. நீலப் பின்னணியில் சின்னச் சின்னச் சிவப்புக் குச்சிகளாகக் கிடக்கும். அதன் செல் சுவரில் அவ்வளவு மெழுகு! அதில் முக்கியமானது மைக்கோலிக் அமிலம் என்ற கொழுப்பு. ஒரு மூலக்கூறில் ஏறக்குறைய 60 முதல் 90 கார்பன் அணுக்கள்.

நாங்கள் சாயத்தை வைத்துக் கண்டுபிடித்த அதே மெழுகை உடம்பும் தன் வழியில் கண்டுபிடிக்கிறது. சிடி1பி என்ற மூலக்கூறு மைக்கோலிக் அமிலத்தை ஏந்தி டி செல்லுக்குக் காட்டுகிறது என்று 1994இல் ‘நேச்சர்’ இதழில் வெளியானது. புரதத் துண்டுகளை டி செல்லுக்குக் காட்டும் எம்எச்சி என்ற மூலக்கூறுகளுக்கு இது உறவுதான். ஆனால் இதன் பள்ளம் ஆழமானது, தண்ணீர் ஒட்டாதது. கொழுப்பின் நீண்ட வால் அதற்குள் செருகிக்கொள்ளும், தலை மட்டும் வெளியே நீட்டியிருக்கும். டி செல் பார்ப்பது பெரும்பாலும் அந்தத் தலையைத்தான்.

சோதனைக்கூட எலியிடம் சிடி1பி கிடையாது, சிடி1 குடும்பத்தில் சிடி1டி வகை மட்டுமே உண்டு. எலியை மட்டும் பார்த்திருந்தால் இந்த விஷயம் நம் கண்ணில் பட்டிருக்காது. இன்னொன்று: எம்எச்சி ஆளுக்கு ஆள் மாறும், உறுப்பு மாற்றத்துக்குப் பொருத்தம் பார்ப்பதே அதனால்தான். சிடி1 கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஒன்றுபோலவே இருக்கிறது. காசநோய்த் தடுப்பூசி ஆராய்ச்சியில் கொழுப்பின் மேல் ஆர்வம் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். கட்டுரையாளர் இதை ஒரு பத்தியாவது எழுதியிருக்கலாம்.

சரி, இடமில்லை என்பீர்கள். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் இந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொள்கிறார்கள். ‘மட்டுமே’ என்பதை ‘பெரும்பாலும்’ என்று திருத்தி ஒரு வரி போட்டால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற லேப் டெக்னீஷியன்