சிறார் இல்லங்களில் ஆலோசகர் எங்கே?

குற்றம் சாட்டப்பட்ட பிள்ளைகளை வைக்கும் சிறார் இல்லங்களில் காவலைப் பலப்படுத்தச் சொல்லும் தங்கள் தலையங்கம் படித்தேன். காவல் சரி, அங்கு வரும் பிள்ளைகளில் பலர் ஏற்கெனவே அடியும் வன்முறையும் பார்த்தவர்கள் என்பதை அது தொடவே இல்லை. அப்படி ஓர் இல்லத்தில் கணக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். ஒரு சிறுவன் எப்போதும் சுவரோடு முதுகு ஒட்டி, கதவைப் பார்த்தபடியே உட்காருவான். பின்னாலிருந்து யாராவது தோளைத் தொட்டால் கை ஓங்கிவிடுவான். பதிவேட்டில் அது ‘ஒழுங்கீனம்’, தண்டனை, தனியறை. பயந்த பிள்ளைக்குத் தனியறையா மருந்து?

கொடுமைக்கு ஆளான குழந்தை உடலாலும் மனதாலும் மீள அரசு வழிசெய்ய வேண்டும் என்கிறது 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 39ஆவது பிரிவு. குற்றம் சாட்டப்பட்ட குழந்தைக்கும் அது பொருந்தும்தானே? சேர்க்கும்போதே மனநல ஆலோசகர் ஒருவர் பேசட்டும். வெளியே போன பிறகும் அவரையே தொடர்ந்து சந்திக்க ஏற்பாடு இருக்கட்டும்.