இரவில் ஓட்டாதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நல்லபடியாக வந்து சேர்ந்தேன். முட்டிவலி பரவாயில்லை. வாட்ஸ்அப்பில் எது கேட்டாலும் கட்டைவிரல் பொம்மையை அனுப்பிவிடுகிறாய், அதனால்தான் தாளில் எழுதுகிறேன்.

நியூசிலாந்தில் ஃபிரான்ஸ் ஜோசப் பனியாற்றுக்குப் போய்வந்த கதையை வாக்கிங் வருகிறவர்களிடம் இன்னும் அளந்துகொண்டிருக்கிறேன். கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து ஆர்தர்ஸ் பாஸ் மலைப்பாதை முழுக்க என் மகள் ஒருத்தியே ஓட்டினாள் என்றால் நம்ப மறுக்கிறார்கள். கியா கிளி வந்து வைப்பர் ரப்பரைக் கொத்தி இழுத்ததே, அப்போது சிரித்தாய். அந்த மூன்று நாளில் அந்த ஒரு தடவைதான். ஆனால் இரவில் ஓட்டாதே. எங்கே பார்த்தாலும் ஒரு வண்டி மட்டும் போகிற பாலம். வைஹோ ஆறு 2019-இல் பாலத்தையே அடித்துக்கொண்டு போனதை நீதானே சொன்னாய்? 18 நாளில் திரும்பக் கட்டினார்களாம், கட்டட்டும். நீ இரவில் ஓட்டாதே.

பனியாறு எனக்கு ஏமாற்றந்தான். 2012 வரை கீழிருந்து நடந்தே ஏறினார்களாம். இப்போது அது உள்வாங்கிவிட்டது, ஹெலிகாப்டர்தான் வழி. தலை சுற்றும் என்றேனே, பொய். டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டேன்.

1865-இல் வந்தவர் அந்தப் பனியாற்றுக்கு ஆஸ்திரியா ராஜா பேரை வைத்துவிட்டுப் போனார். அந்த மண்ணின் பூர்வகுடி மாவோரிகளுக்கு அது ஹினே ஹுகாடெரேயின் கண்ணீர். காதலனைப் பனிச்சரிவில் பறிகொடுத்தவள். அந்தக் கதையைப் பாதியில் நிறுத்தி, "குளிருது, போலாம்ப்பா" என்றாய்.

மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை என்றாய். சரி. நாம் தங்கின ஊருக்கு அடியிலேயே பூகம்பப் பிளவு ஓடுகிறதாம். மேலே மோட்டல், கடை, விளக்கு எல்லாம் இருக்கிறது. அன்று இரவு குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு போன் பேசினாய். நாற்பது நிமிடம் தண்ணீர் ஓடியது. நான் விழித்துத்தான் கிடந்தேன். காலையில் கேட்டபோது, அசந்து தூங்கிவிட்டேன் என்றேன். அம்மா இருந்திருந்தால் கதவைத் தட்டியிருப்பாள்.

சின்ன அத்தை ஒரு பையோடு வந்து நின்றபோது உனக்கு ஏழு வயது. பாட்டிதான் திருப்பி அனுப்பினாள் என்று எல்லாரும் சொல்வார்கள். பாட்டி வாயே திறக்கவில்லை. விடியற்காலை முதல் பஸ்ஸில் டிக்கெட் எடுத்து உட்காரவைத்தது நான். ஜன்னலோரம் உட்கார்ந்தவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும்.

மாடி அறைக்கு வெள்ளையடித்தாயிற்று. ஹீட்டர் சரிபண்ணிவிட்டேன், வெந்நீர் வருகிறது. எந்நேரமானாலும் போன் பண்ணு. குழாயை மூடிவிட்டே பேசு.

வைப்பர் ரப்பரை மாற்றினாயா?

அப்பா