விளையாட்டு டி-ஷர்ட்டில் இருக்கும் சிப் பற்றி

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். நம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கும் அந்த வாய்ஸ் மெசேஜை நானும் கேட்டேன். "புது டி-ஷர்ட்டுக்குள்ள சிப் வச்சு ஸ்கூல்ல பிள்ளைங்களை டிராக் பண்றாங்க, உடனே எல்லாரும் பிரிச்சுப் பாருங்க" என்று போகிறது அது. முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். டி-ஷர்ட்டில் சிப் இருப்பது உண்மை. அதைப் பள்ளி வைக்கவில்லை, அதைப் படிக்கும் கருவி பள்ளியில் இல்லை, எந்தச் சிப் எந்தப் பிள்ளையுடையது என்ற பட்டியலும் யாரிடமும் இல்லை. தயவுசெய்து டி-ஷர்ட்டைக் கிழிக்க வேண்டாம், வெள்ளிக்கிழமை விளையாட்டு விழா இருக்கிறது.

அது எப்படி வந்தது என்றால், இந்த வருடம் நான்கு ஹவுஸுக்கும் துணி எடுத்துத் தைக்கக் கொடுக்காமல், செலவு குறையும் என்று காதர்பேட்டைத் துணிச் சந்தையில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் டி-ஷர்ட்டாகவே வாங்கி, நெஞ்சில் நம் பள்ளிச் சின்னத்தை மட்டும் பிரிண்ட் போட்டோம். வெளிநாட்டுக் கம்பெனிக்காகத் தைத்த சரக்கு என்பதால், அவர்கள் கேட்ட லேபிள்களோடு இடது பக்கத் தையலில் அந்தச் சிப் லேபிளும் சேர்ந்தே வந்துவிட்டது. திருப்பூரில் இருக்கும் உங்களுக்கு இதை நான் விளக்குவது கொஞ்சம் வேடிக்கைதான், ஏனென்றால் பேக்கிங்கிலும் செக்கிங்கிலும் வேலை பார்க்கும் அம்மாக்கள் சிலர் நேற்றே "டீச்சர், இது எங்க கம்பெனியில தினமும் தைக்கிறதுதான்" என்று சிரித்துவிட்டார்கள். இருந்தாலும் வாய்ஸ் மெசேஜ் போன வேகத்துக்கு அவர்கள் சிரிப்பு போகவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

ஒரு லேபிளை வெட்டிப் பிரித்துப் பார்த்தேன். வாஷ்கேர் லேபிளுக்கு அடியில் இரண்டு மடிப்பாக ஒரு துணிப்பை, அதற்குள் நகத்தால் வளைத்தால் வளைகிற மெல்லிய பிளாஸ்டிக் பட்டை. பட்டை முழுக்க வெள்ளி நிறத்தில் அலுமினியக் கோடுகள் நெளிநெளியாக ஓடுகின்றன, அதுதான் ஆன்டெனா. நடுவில், கடுகளவுகூட இல்லாத ஒரு கறுப்புப் புள்ளி, அதுதான் சிப். பேட்டரி கிடையாது, சிம் கிடையாது, ஜிபிஎஸ் கிடையாது. ஆர்எஃப்ஐடி என்று கம்பெனிகளில் சொல்வார்களே, அதுதான் இது. விஜயமங்கலம் டோல்கேட்டில் உங்கள் கார் கண்ணாடியில் இருக்கும் ஃபாஸ்டேக் எப்படி வேலை செய்கிறதோ அப்படியேதான் இதுவும். மேலே இருக்கும் ரீடர் என்ற படிக்கும் கருவி ரேடியோ அலையை அனுப்பும், அந்த அலையிலிருந்தே கொஞ்சம் சக்தியை எடுத்துக்கொண்டு சிப் தன் எண்ணைத் திருப்பிச் சொல்லும். இந்தியாவில் இதற்கு 865 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசையை ஒதுக்கியிருக்கிறார்கள். ரீடர் பக்கத்தில் இல்லாதபோது சிப் எதையும் அனுப்பாது, வெறும் பிளாஸ்டிக்காகக் கிடக்கும். ஆகவே "கதிர்வீச்சு வருது" என்று பயப்படவும் ஒன்றுமில்லை.

ஒரு அப்பா தன் போனை அதன்மேல் வைத்துப் பார்த்து ஒன்றும் வரவில்லை, ஏதோ மறைக்கிறார்கள் என்று எழுதியிருந்தார். போனைத் தொட்டுப் பணம் கட்ட உதவும் என்எஃப்சி 13.56 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்வது, அதற்கும் இந்தச் சிப்புக்கும் பேச்சுவார்த்தையே நடக்காது. இதைப் படிக்க, கோடவுனில் சரக்கு எண்ணும் துப்பாக்கி மாதிரி தனி ரீடர் வேண்டும். அதையும் தோதான இடத்தில் வைத்தால் சில மீட்டர், மிஞ்சிப்போனால் பத்து மீட்டர். அதுவும் துணி அட்டைப்பெட்டியில் இருக்கும்போதுதான். உடம்பில் இருக்கும் நீர் இந்த அலையை விழுங்கிவிடும் என்பதால், வியர்த்து முதுகோடு ஒட்டிக்கொண்ட டி-ஷர்ட்டில் இருக்கும் லேபிளைப் படிப்பது இன்னும் கஷ்டம். சிப்பில் இருப்பதும் வெறும் எண்தான், எந்தக் கம்பெனி, எந்த மாடல், எத்தனையாவது பீஸ் என்று. ஜாரா கடைகளை நடத்தும் இண்டிடெக்ஸ், விளையாட்டுச் சாமான் விற்கும் டெகாத்லான் போன்றவர்கள் ஸ்டாக் எண்ணவும் பில் போடவும் வைக்கிறார்கள். டெகாத்லானில் வாங்கிய எல்லாவற்றையும் ஒரு தொட்டியில் மொத்தமாகப் போட்டவுடன் பில் வந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், அது இந்த லேபிளின் வேலைதான்.

சரி, அப்படியென்றால் பயப்பட்டவர்கள் எல்லாரும் ஒன்றும் தெரியாதவர்களா என்றால், இல்லை. அந்த வாய்ஸ் மெசேஜில் ஆள் தப்பு, விஷயம் முழுக்கத் தப்பில்லை. பள்ளிச் சீருடையில் சிப் வைத்துப் பிள்ளைகளைக் கவனிப்பது உலகத்தில் நடந்த காரியம்தான். பிரேசிலில் விட்டோரியா டா கான்கிஸ்டா என்ற ஊரில் 2012இல் 25 அரசுப் பள்ளிகளில் 20,000 பிள்ளைகளுக்குச் சிப் வைத்த சீருடை கொடுத்தார்கள், பள்ளிச் சின்னத்துக்கு அடியிலோ கைப்பகுதியிலோ மறைத்து. பிள்ளை உள்ளே வந்தால் பெற்றோருக்கு எஸ்எம்எஸ், வகுப்பு தொடங்கி 20 நிமிடமாகியும் வராவிட்டால் இன்னொரு எஸ்எம்எஸ். சீனாவின் குய்சோ மாகாணத்தில் சில பள்ளிகள் சீருடையின் தோள்பட்டையில் சிப் வைத்ததாக 2018இல் செய்தி வந்தது. அங்கே பிள்ளைகள் மேல்சட்டையை மாற்றிப் போட்டு ஏமாற்றக் கூடாதே என்று வாசலில் முகத்தை அடையாளம் காணும் கேமராவையும் சேர்த்து வைத்தார்கள். எனக்கு அதுதான் உறுத்தியது. சட்டையை நம்பி ஆரம்பித்தார்கள், சட்டையை நம்ப முடியாது என்று தெரிந்ததும் முகத்துக்குப் போனார்கள். அதற்கு அப்புறம் எதற்குப் போவார்களோ தெரியாது.

அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் 2012இல் சட்டையில் இல்லாமல் ஐடி கார்டில் வைத்தார்கள். ஒரு மாணவி மறுத்தாள், வழக்கு வரைக்கும் போனது, வழக்கில் பள்ளி நிர்வாகம்தான் ஜெயித்தது. ஆனாலும் அடுத்த வருடமே திட்டத்தைக் கைவிட்டார்கள். எதிர்பார்த்த அளவுக்கு வருகை கூடவில்லை என்பதும் ஒரு காரணம்.

இதே மாதிரித் திட்டத்தோடு நம் பள்ளிக்கும் ஒருவர் வந்தார். சட்டைச் சின்னத்துக்குள் வளையும் சிப், வெளியே தெரியாது, துவைக்கலாம், இஸ்திரி போடலாம், கேட்டில் ரீடர், பெற்றோருக்கு மெசேஜ், ஒரு பிள்ளைக்கு வருடத்துக்கு இவ்வளவு என்று அழகாகப் படம் போட்டுக் காட்டினார். வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். காரணங்களில் ஒன்று மிகச் சாதாரணமானது. சிப் சொல்வது சட்டை எங்கே என்பதை, பிள்ளை எங்கே என்பதை அல்ல. நம் ஒன்பதாம் வகுப்புப் பையன்களை எனக்குத் தெரியும். சின்னத்துக்குள் சிப் இருக்கிறது என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு ஒரு மதியச் சாப்பாட்டு இடைவேளை போதும், அப்புறம் ஒருவன் பைக்குள் மூன்று பேர் சட்டை வந்து கேட்டைத் தாண்டும், உங்கள் போனுக்கு "பள்ளிக்கு வந்துவிட்டார்" என்று மெசேஜும் வரும். அந்த மெசேஜை நம்பி நீங்கள் நிம்மதியாக ஷிப்டுக்குப் போவீர்கள். மெசேஜே வராமல் இருப்பதைவிட இது ஆபத்து.

இன்னொரு காரணம், அந்த "வெளியே தெரியாது" என்ற வார்த்தை. கழுத்தில் தொங்கும் ஐடி கார்டு பிள்ளைக்குத் தெரியும், கழற்றி வைக்கவும் முடியும். போட்டிருப்பவருக்கே தெரியாமல் தையலுக்குள் ஒன்றை வைத்துவிட்டு, அதை அவர் பெயரோடு கம்ப்யூட்டரில் சேர்த்துக்கொள்வது வேறு. பெரியவர்களுக்கே அது பிடிக்கவில்லை. 2003இல் இத்தாலியின் பெனட்டன் துணிகளில் சிப் வைக்கப்போவதாகத் தெரிந்ததும், வாங்காதீர்கள் என்று அமெரிக்காவில் நுகர்வோர் கிளம்பி, கம்பெனி பின்வாங்கியது. நம் நாட்டில் 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. பள்ளிகளுக்குச் சில விலக்குகள் இருக்கின்றன. அந்த விலக்கைப் பிடித்துக்கொண்டு உங்களிடம் கேட்காமல் எதையும் செய்ய எனக்கு விருப்பமில்லை. எதிர்காலத்தில் கார்டோ வேறு எதுவோ வருவதாக இருந்தால் பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் பேசி, எழுத்தில் கேட்டு, வேண்டாம் என்பவர்களை விட்டுவிட்டுத்தான் செய்வோம்.

அதுவரை இப்போதுள்ள ஏற்பாடே தொடரும். முதல் பீரியட் முடிவதற்குள் வராத பிள்ளையின் வீட்டுக்கு வகுப்பாசிரியர் போன் செய்வார். போன் நம்பர் மாற்றியவர்கள் ஆபீஸில் சொல்லுங்கள். ஊரில் உள்ள எல்லாச் சிப்பையும்விட எனக்கு அதுதான் முக்கியம்.

இப்போது டி-ஷர்ட்டுக்கு வருவோம். லேபிளைத் திருப்பிப் பாருங்கள், புள்ளிக்கோடும் கத்தரிக்கோல் படமும் இருக்கும், அந்தக் கோட்டில் வெட்டினால் போதும். தையலைப் பிரித்தால் பக்கவாட்டு ஓவர்லாக் தையல் விட்டுப்போகும். வெட்டாமல் விட்டாலும் ஒன்றும் ஆகாது, துவைக்கலாம், தேய்க்கலாம். சிலர் மைக்ரோவேவ் அவனில் வைத்தால் சிப் செத்துவிடும் என்று எழுதியிருக்கிறார்கள், செத்துவிடும்தான், கூடவே தீப்பொறி வந்து டி-ஷர்ட்டும் எரியும். அதை மட்டும் யாரும் செய்ய வேண்டாம்.

டி-ஷர்ட் தொலைவதுதான் உங்கள் கவலை என்றால், அந்தக் காலத்தில் துணி வெளுப்பவர்கள் சேங்கொட்டைச் சாயத்தில் ஒரு குறி வைப்பார்கள், எத்தனை வெளுப்பு வெளுத்தாலும் போகாது. அவ்வளவு வேண்டாம். காலருக்கு உள்பக்கம் கலர் நூலில் பெயரின் முதல் எழுத்தையும் வகுப்பையும் தைத்து அனுப்புங்கள். போன வருட டி-ஷர்ட்கள் ஒரு மூட்டை பி.டி. அறையில் அப்படியே கிடக்கின்றன, யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை வரும்போது ஒரு எட்டு வந்து பார்த்து, உங்கள் பிள்ளையுடையது இருந்தால் எடுத்துக்கொண்டு போய்விடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்