எவர்லி சகோதரர்களின் ‘ரூட்ஸ்’: நண்பருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் சென்ற மாதமே வந்து சேர்ந்தது. மகள்தான் படித்துக் காட்டினாள். கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மூன்று வாரம் படிக்கவும் எழுதவும் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்ததால் உடனே பதில் எழுத இயலவில்லை. அந்த மூன்று வாரமும் எனக்குத் துணையிருந்தது அமெரிக்க இரட்டைப் பாடகர்களான எவர்லி சகோதரர்கள் 1968 டிசம்பரில் வெளியிட்ட ‘ரூட்ஸ்’ (வேர்கள்) என்ற பாடல் தொகுப்புதான். அவர்களுடைய ஐம்பதுகளின் பாடல்கள் இருக்கும்போது அமெரிக்க நாட்டுப்புறச் சாயல் கொண்ட கன்ட்ரி இசையும் ராக்கும் கலந்த இந்தத் தொகுப்பில் அப்படி என்ன இருக்கிறது, பழைய நினைவுகளைக் கிளறுவதுதானே என்று நீங்கள் கேட்டிருந்தீர்கள். படுத்த படுக்கையில் அதைப் பற்றியே நிறைய யோசித்தேன்.

தட்டு சுழலத் தொடங்கியதும் நம் காதில் முதலில் விழுவது, 1952இல் அந்தக் குடும்பம் வானொலியில் நடத்திய நிகழ்ச்சியின் ஒரு துணுக்கு. தந்தை ஐக் எவர்லி கென்டக்கியின் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தவர். கட்டைவிரலால் கீழ்ச்சுருதித் தந்திகளில் தாளத்தைப் பிடித்துக்கொண்டு மற்ற விரல்களால் மெட்டை எடுக்கும் அந்த வட்டாரத்துக் கிட்டார் வாசிப்பில் கைதேர்ந்தவர். சுரங்கத்தை விட்டுச் சிகாகோவுக்கும், பிறகு அயோவா மாநிலத்து ஷெனண்டோவா ஊருக்கும் குடிபெயர்ந்து, மனைவி மார்கரெட்டையும் மகன்கள் டான், பில் இருவரையும் சேர்த்துக்கொண்டு வானொலியில் பாடிப் பிழைத்தார். அந்த ஒலிப்பதிவின் காலத்தில் டானுக்கு 15 வயது, பில்லுக்கு 13. அது ஓய்ந்ததும் கன்ட்ரி பாடகர் மெர்ல் ஹாகர்டின் ‘மாமா ட்ரைட்’ பாடலோடு 31 வயது டானும் 29 வயது பில்லும் வந்து நிற்கிறார்கள். நடுவில் கழிந்த பதினாறு ஆண்டுகளைப் பற்றி யாரும் ஒரு சொல்லும் பேசுவதில்லை. ஆனாலும் அவை முழுவதும் நமக்குக் கேட்டுவிடுகின்றன.

நினைவுகளைக் கிளறுவது என்று நீங்கள் சொன்னதை நான் ஏற்காததற்கு ஐந்தாவது பாடல்தான் காரணம். ‘ஐ வொண்டர் இஃப் ஐ கேர் அஸ் மச்’ அவர்களே எழுதிய பாட்டு. 1957இல் ‘பை பை லவ்’ இசைத்தட்டின் மறுபக்கத்தில் வந்தது. அன்று பதின்ம வயதின் காதல் வருத்தமாக ஒலித்த அதே வரிகளை இதில் நடையைத் தளர்த்தி, கனத்த கிட்டார் ஒலிக்கு நடுவே பாடுகிறார்கள். பழையதை நினைத்து உருகுகிறவர்கள் அதை அப்படியே திரும்பப் பாடியிருப்பார்கள். இவர்களோ அந்தப் பாட்டுக்கும் வயதாகிவிட்டது என்பதை ஒளிக்கவில்லை. கண்ணில் கட்டோடு இருந்த ஓர் இரவில் இதை மட்டும் நான்கு முறை கேட்டேன். கீழே டான் மெட்டைத் தாங்க, மேலே பில் அதை விட்டு அகலாமல் கூடவே வருகிறார். இருவரும் மூச்சை ஒன்றாக எடுக்கிறார்கள், சொல்லின் கடைசி எழுத்தை ஒன்றாக விடுகிறார்கள். சிறுவயதிலிருந்து ஒரே வீட்டில் ஒரே பேச்சைக் கேட்டு வளர்ந்த தொண்டைகளுக்கு அல்லாமல் வேறு எவருக்கும் இது எளிதில் அமையாது என்றே நினைக்கிறேன்.

அதே 1968இல் பேர்ட்ஸ் என்ற ராக் குழுவினரும் ‘ஸ்வீட்ஹார்ட் ஆஃப் தி ரோடியோ’ தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். அதன்மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் ராக்கிலிருந்து கன்ட்ரியைத் தேடிச் சென்றவர்கள் அவர்கள். எவர்லிகளுக்கு அது தந்தையின் மடியில் கேட்டது. ‘ரூட்ஸ்’ தொகுப்பைத் தயாரித்த லென்னி வாரன்கர் இதை நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார் என்று தோன்றுகிறது. கன்ட்ரி இசையின் முன்னோடி ஜிம்மி ராஜர்ஸின் பழைய பாட்டையும், அப்போது இளம் பாடலாசிரியராக இருந்த ராண்டி நியூமனின் ‘இலினாய்’ பாட்டையும் ஒரே தொகுப்பில் வைக்கும் துணிவு அவருக்கு இருந்திருக்கிறது. ‘வென்சுரா பூலவார்ட்’ என்ற பாட்டு மட்டும் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. தொகுப்பு அன்று விற்கவில்லை. அவர்களுடைய வெற்றிக்காலம் அதற்குள் கடந்துவிட்டிருந்தது.

ஹாகர்டின் ‘சிங் மீ பேக் ஹோம்’ பாடலைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. மரண தண்டனைக்கு அழைத்துச் செல்லப்படும் கைதி ஒருவன், வழியில் நின்று, உடனிருந்தவனைத் தன் வீட்டை நினைவூட்டும் பாட்டு ஒன்றைப் பாடச் சொல்கிறான். தாமே கலிபோர்னியாவின் சான் குவென்டின் சிறையில் இருந்தவர் எழுதிய பாட்டு அது. ஹாகர்டின் குரலில் அது சாட்சி சொல்வது போல இருக்கும். எவர்லிகள் பாடும்போது, பாடச் சொல்கிறவனும் பாடுகிறவனும் ஒருவனே என்று எனக்குத் தோன்றிவிடுகிறது.

இந்த அண்ணனும் தம்பியும் 1973 ஜூலையில் கலிபோர்னியாவில் மேடையிலேயே பிரிந்தார்கள் என்பதும், பில் கிட்டாரை உடைத்துவிட்டு இறங்கிப் போக, டான் தனியாகவே நிகழ்ச்சியை முடித்தார் என்பதும் உங்களுக்குத் தெரியும். 1983இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில்தான் மீண்டும் சேர்ந்து பாடினார்கள். பில் 2014இலும் டான் 2021இலும் மறைந்தார்கள். இவையெல்லாம் தெரிந்த பிறகு கேட்பதால், அந்த ஒன்றிய மூச்சு எனக்கு இன்னும் அருமையாகப் படுகிறதோ என்னவோ.

வீட்டில் அனைவரும் நலம். உங்கள் மூட்டுவலி குறைந்ததா? ஒரு வேண்டுகோள்: தொகுப்பை இடையில் தாவாமல் வரிசையாகக் கேளுங்கள். முடிவில் 1952ஆம் ஆண்டு ஒலிப்பதிவு மறுபடி வரும்; அதற்கு முன் எழுந்துவிடாதீர்கள். அந்தச் சிறுவர் குரல்களில் எது டானுடையது, எது பில்லுடையது என்று உங்களுக்குப் பிரித்தறிய முடிகிறதா என எழுதுங்கள். எனக்கு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகக் கேட்கிறது.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்