நாடாவும் தேனீயும்

அன்புள்ள அம்மிணிக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ இருக்கிற இங்கிலாந்துப் பிளாக்பர்னின் ஊர்ச் சின்னத்தைப் படம் எடுத்து அனுப்பி, "மேல நம்ம தறி நாடா இருக்குதுப்பா, மத்ததெல்லாம் என்ன?" என்று கேட்டிருந்தாய். ஃபோனில் சொன்னால் பாதியில் உனக்கு வேலை வந்துவிடும். அதனால் எழுதிவிடுகிறேன்.

அது தறியில் குறுக்கே ஓடி நூலைக் கொண்டுபோகிற நாடாதான், சந்தேகமில்லை. தங்க நிற நாடா, அதன்மேல் சிறகு தூக்கிய வெள்ளைப் புறா, அலகில் ஆலிவ் கிளை. படத்தைப் பெரிதாக்கிப் பார். நாடாவிலிருந்து ஓர் இழை கிளம்பி, புறாவின் முதுகு வழியாக வளைந்து அலகுக்குப் போகும். நாடாவுக்குள் நூல் சுற்றி வைத்திருக்கிற தாரிலிருந்து உருவி நாடாக் கண் வழியாக வெளியே வருகிற ஊடை நூல், அதாவது குறுக்கு நூல், அது. தறியில் உட்கார்ந்த எவனையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு வரைந்திருப்பார்கள் போல.

கேடயத்தின் நடுவில் கறுப்பாக நெளிந்து போவது பிளேக்வாட்டர் ஓடை. ஊரின் பெயரோடு சேர்ந்த ஓடை. இப்போது அதில் பெரும்பகுதி கட்டடங்களுக்கும் தெருக்களுக்கும் அடியில் ஓடுகிறது. உனக்கே தெரியாமல் அதைத் தாண்டிப் போயிருப்பாய்.

மேலே பச்சைப் பட்டையில் ஓர் ஊதுகொம்பு, இரண்டு பக்கமும் சாய்சதுரங்கள். கொம்பு, 1851இல் அந்த ஊரின் முதல் மேயரான வில்லியம் ஹென்றி ஹார்ன்பியின் குடும்ப அடையாளம். அவர் பெரிய மில் முதலாளி. சாய்சதுரங்கள் அந்த வட்டாரத்து நிலவுடைமைக் குடும்பமான ஃபீல்டன்களுடையவை. நூற்கும் கதிருக்கும் அதுவே குறி என்பார்கள். அடுத்த வருஷமே, 1852இல், ஊருக்குச் சின்னம் கிடைத்தது. மேயரும் பண்ணையாரும் முதல் வரிசையில் துண்டு போட்டு இடம் பிடித்துவிட்டார்கள்!

சரி, நெய்தவர்கள் எங்கே? கேடயத்தில் ஓடைக்கு மேலும் கீழும் இருக்கிற மூன்று தேனீக்கள்தான். திறமை, விடாமுயற்சி, சுறுசுறுப்பு என்று அதற்கு விளக்கம் சொல்கிறார்கள். அடியில் இருக்கிற லத்தீன் வாசகத்துக்கும் 'திறமையாலும் உழைப்பாலும்' என்றுதான் பொருள். முதலாளிகளுக்குச் சொந்த அடையாளம், உழைத்தவனுக்குப் பூச்சி. எனக்கு இது அவ்வளவாகப் பிடிக்கவில்லை, அம்மிணி.

அந்தத் தேனீக்கள் கொட்டியும் இருக்கின்றன. பக்கத்து ஊர்க்காரரான ஜேம்ஸ் ஹார்கிரீவ்ஸ் ஒரே ஆள் பல கதிர்களில் நூற்கும் ஜென்னி இயந்திரத்தைச் செய்தார். பிழைப்பு போய்விடும் என்று பயந்தவர்கள் 1768இல் புகுந்து அதை உடைத்தார்கள்; அவர் நாட்டிங்காமுக்குப் போய்விட்டார். 1826இல் கூலி விழுந்து பட்டினி கிடந்த கைத்தறிக்காரர்கள் அந்த வட்டாரம் முழுக்க விசைத்தறிகளை நொறுக்கினார்கள். நம்மூரில் விசைத்தறி வந்தபோது உன் தாத்தா வாயால் திட்டியதோடு சரி.

கேடயத்தில் பருத்தியே இல்லை என்பதையும் கவனித்தாயா? அங்கே அது விளையாது, கப்பலில்தான் வந்தது. பெரும்பங்கு அமெரிக்காவில் அடிமைகள் பறித்த பஞ்சு. 1861இல் அங்கே உள்நாட்டுப் போர் தொடங்கி வரத்து நின்றதும் பிளாக்பர்ன் இருக்கிற லங்காஷயர் வட்டார மில்கள் முடங்கின, கஞ்சித்தொட்டிகள் திறக்க வேண்டியதாயிற்று. நெய்த துணி எங்கே போனது என்றும் சின்னத்தில் தெரியாது. வேட்டி வேட்டியாக இந்தியாவுக்கு அனுப்பிய ஊர் அது. நம் ஆட்கள் அந்நியத் துணியைப் புறக்கணித்தபோது ஏற்கெனவே மந்தத்தில் இருந்த மில்களுக்கு இன்னும் அடி விழுந்தது.

1931 செப்டம்பரில் காந்தி அங்கேயே போனார், உன் ஊரை ஒட்டிய டார்வனுக்கு. மில் பெண்கள் அவரைச் சுற்றி நின்று சிரிக்கிற ஃபோட்டோ நீ பார்த்திருப்பாய். வேலையை இழந்தவர்கள் பலர் இருந்த ஊர், ஆனாலும் மரியாதையாகத்தான் வரவேற்றார்கள்.

ஒருநாள் டார்வனுக்கும் போய் வா. அந்த ஊருக்கும் தனிச் சின்னம் உண்டு. அதையும் படம் எடுத்து அனுப்பு, இழை தெரிகிற மாதிரி கிட்டே போய் எடு.

அன்புடன்,
அப்பா