ஸ்பவுட் மாற்றிய கதை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பொள்ளாச்சி வீடு பூச்சு வேலை வரைக்கும் வந்துவிட்டது என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். உடனே எழுதியிருப்பேன், ஆனால் இங்கே குளியலறையில் ஒரு வேலை இழுத்துக்கொண்டது. உனக்கும் அது உதவும், முடித்துவிட்டே எழுதலாம் என்று இருந்துவிட்டேன்.

துபாயிலிருந்து வந்த அண்ணன் ஆசைப்பட்டு வைத்த பாத்டப் ஞாபகம் இருக்கிறதா? அதன் ஸ்பவுட்தான், அதாவது டப்பில் தண்ணீர் கொட்டும் குழாய்தான், கெட்டுப்போனது. மேலே உள்ள குமிழைத் தூக்கினால் உள்ளே ஒரு சின்னக் கதவு வாயை அடைக்கும், தண்ணீர் ஷவருக்கு ஏறும். எங்கள் போர் தண்ணீரின் உப்பு படிந்து படிந்து அந்தக் கதவு மூடவே இல்லை. ஒருநாள் கீழே பக்கெட்டை வைத்துவிட்டு ஷவரில் குளித்தேன், முடிப்பதற்குள் முக்கால் பக்கெட் நிறைந்துவிட்டது. மனசே ஆறவில்லை. எங்கள் கேரளப் பக்கத்துச் சித்தூர்ப்புழை ஆற்றுக்குத் தமிழ்நாடு வருஷம் 7.25 டி.எம்.சி. தரவேண்டும் என்று பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தத்தில் இருக்கிறது, அதில் எங்கள் வாய்க்காலுக்கு எப்போது வரும் என்று கொழிஞ்சாம்பாறையில் தினமும் பேசுகிறோம், வீட்டுக்குள்ளேயே இப்படி ஓடவிடலாமா?

பார்க்க வந்த பிளம்பர் டைல்ஸை உடைக்க வேண்டும் என்றார். எனக்கு ஒப்பவில்லை. அடியில் விரலால் தடவிப் பார்த்தேன், ஸ்பவுட்டைக் குழாயோடு பிடிக்கும் அலன் ஸ்க்ரூ எதுவும் இல்லை, அப்படியென்றால் மரை போட்டுத் திருகியதுதான். சுடுதண்ணீரையும் பச்சைத்தண்ணீரையும் கலக்கும் மிக்சரைத் தாண்டித்தான் ஸ்பவுட்டுக்குத் தண்ணீர் வருகிறது, மிக்சரை மூடினாலே போதும். டப் ஓட்டையில் துணியை அடைத்துவிட்டு, ஸ்பவுட் வாய்க்குள் சுத்தியல் காம்பைக் கொடுத்து இடப்பக்கமாக மெதுவாகத் திருப்பினேன். அவசரப்பட்டு முறுக்கினால், ஸ்பவுட் மாட்டியிருக்கும் மரை போட்ட குட்டைக் குழாய், அதாவது நிப்பிள், சுவருக்குள்ளேயே முறிந்துவிடும், அப்புறம் நிஜமாகவே உடைக்க வேண்டியதுதான். நல்லவேளை, கழன்று வந்தது.

நான் தடுக்கி விழுந்தது அளவில். அரை இஞ்ச் மரை என்று மட்டும் சொல்லிப் புதுசு வாங்கி வந்தேன், புது ஸ்பவுட்டில் மரை பழையதைவிட உள்ளே தள்ளி இருந்ததால் நிப்பிள் எட்டவில்லை. மறுபடி கடைக்குப் போய் ஒரு இஞ்ச் நீள எக்ஸ்டென்ஷன் நிப்பிள் வாங்கினேன், பித்தளையில். பழைய டேப்பையும் உப்பையும் வினிகர் தொட்டு பல்துலக்கும் பிரஷால் தேய்த்து எடுத்து, டெஃப்லான் டேப்பை வலப்பக்கமாக ஏழெட்டுச் சுற்று சுற்றினேன். கையாலேயே இறுக்கி, கடைசிக் கால் சுற்று மட்டும் துணி போட்டு ரெஞ்சில். வாய் நேர்கீழே வராவிட்டால் பின்னால் திருப்பாதே, டேப் பிடிப்பு போய்விடும், கழற்றிப் புது டேப் சுற்று. சுவரோரம் சிலிக்கான் பூசும்போது அடியில் கொஞ்சம் இடம் விட்டேன், கசிந்தால் சுவருக்குள் போகாமல் வெளியே தெரியும்.

இப்போது குமிழைத் தூக்கினால் ஒரு சொட்டுக் கீழே விழவில்லை. ஷவரில் தண்ணீர் வேகமாக வருகிறது, அம்மாவும் இனி பக்கெட் தூக்க வேண்டாம்.

உன் வீட்டில் டைல்ஸ் ஒட்டும் முன்பே ஸ்பவுட்டை வாங்கிவிடு. டைல்ஸ் கனத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டு நிப்பிள் எவ்வளவு வெளியே நிற்க வேண்டும் என்று மேஸ்திரியிடம் காட்டு. எந்த வாரம் ஒட்டுகிறார்கள் என்று எழுது, நான் காலை பஸ்ஸில் வந்துவிடுகிறேன்.

உன் பழைய பங்காளி